இரு குழுக்களின் விகிதசமங்களை ஒப்பிடும் கருதுகோள் சோதனை

ஒரு குறிப்பிட்ட விளைவை அடைந்தோர் ஒரு குழுவின் மொத்த எண்ணிக்கையில் எத்தனை பங்கு என்பதைக் காட்டும் விகிதசமம் இரு குழுக்களிடையே வேறுபடும்போது, அவ்வேறுபாடு தற்செயலாகவே நேர்ந்திருக்கக்கூடுமா என்று ஆராயும் புள்ளியியல் முறை இது.

சென்னையில் நடந்த ஒரு காசநோய் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வண்டலூருக்கு வடக்கே, தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தின் பெயர், மருத்துவர் டேவிட் சவுரி முத்து 1928இல் அங்கு நிறுவிய காசநோய் இல்லத்திலிருந்து வந்தது. ஓய்வும் தூய காற்றும் சத்துணவும் இன்றிக் காசநோய் குணமாகாது என்று கருதப்பட்டு வந்த நிலையில், 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வாலஸ் ஃபாக்ஸின் தலைமையில், 193 ஏழை நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கி, ஐசோனியசிட், பாஸ் ஆகிய அதே மருந்துகளை ஒரு பிரிவினருக்கு நெரிசலான வீடுகளிலும் மற்றவர்க்குச் சானடோரியத்திலும் ஓராண்டு அளித்தது. 1959இல் வெளியான முடிவின்படி, கணக்கில் கொள்ளப்பட்டோரில் நோய் தணிந்தவர்கள் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு, சானடோரியத்தில் 92 விழுக்காடு.

இரு பிரிவுக்கும் உண்மையான விகிதசமம் ஒன்றே என்பது இங்கு இன்மைக் கருதுகோள். வேறு என்பது மாற்றுக் கருதுகோள். பிரிவுக்கு ஏறத்தாழ 80 பேர் எனக் கொண்டு இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் பொது விகிதசமம் 0.89, கூறுக்குக் கூறு (மாதிரிக்கு மாதிரி) ஏற்படும் ஏற்ற இறக்கத்தின் அளவாகிய திட்டப்பிழை 0.05க்குச் சற்றே குறைவு. வேறுபாடான 0.06ஐ அதனால் வகுக்கக் கிடைக்கும் 1.2, ஐந்து விழுக்காட்டு முக்கியத்துவ மட்டத்தின் எல்லையான 1.96ஐ எட்டவில்லை, ஆகவே இன்மைக் கருதுகோளை மறுக்க இடமில்லை.

மறுக்க இயலாமை வேறு, சமம் என்று நிறுவுவது வேறு என்பதைப் பாடநூல்கள் ஒற்றை வரியில் கடந்துவிடுவதுண்டு. மேற்கண்ட எண்களுக்கு 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி, சானடோரியம் 4 புள்ளிகள் பின்தங்கியது என்பதிலிருந்து 16 புள்ளிகள் மேலானது என்பதுவரை நீள்கிறது. சிறு கூறு அவ்வளவுதான் சொல்லும். எண்ணிக்கை மேலும் குறைந்து, குழுவையும் விளைவையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்த அட்டவணையில் ஏதேனும் ஒரு கட்டத்தின் எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே போனால், ஃபிஷரின் துல்லியச் சோதனையை நாடுவது முறை.

சென்னை ஆய்வின் வலிமை இந்த ஒரு சோதனையில் மட்டும் அடங்கவில்லை. நோயாளியோடு ஒரே வீட்டில் வசித்தோரை ஐந்தாண்டு கண்காணித்தபோதும், வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்கு நோய் மிகுதியாகத் தொற்றியதாகத் தெரியவில்லை. 1962இல் தொடங்கிய இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை ஏற்றுக்கொண்டது.