மூச்சும் பார்வையும்

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கே கண் முழுசாக வளர்ந்து முடிந்திருக்காது. கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியா, பெரியவர்களுடையதைவிடக் கூடுதலாக வளைந்திருக்கும். குறைமாதக் குழந்தைக்கு அந்த வளைவு இன்னும் அதிகம். வாரங்கள் போகப்போக அது தானாகத் தட்டையாகிவிடும். ஆனால் கண்ணின் பின்பக்கம் அப்படியில்லை. விழித்திரையின் ரத்தக்குழாய்கள் கருவின் 16ஆவது வாரம் வாக்கில் கிளம்பி ஓரத்தைத் தொடுவதற்குக் கிட்டத்தட்ட 40 வாரம் ஆகிவிடுகிறது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டால், மிச்ச வளர்ச்சி இன்குபேட்டருக்குள்தான்.

1942இல் பாஸ்டனின் கண் மருத்துவர் தியோடர் டெர்ரி, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் லென்ஸுக்குப் பின்னால் ஒரு படலம் படர்ந்திருப்பதைப் பதிவு செய்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வையிழந்தார்கள். 1950இல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டரும் அவர்களில் ஒருவர். விசித்திரம் என்னவென்றால், வசதியான நாடுகளின் நல்ல மருத்துவமனைகளில்தான் இந்த நோய் அதிகமாக இருந்தது.

1951இல் மெல்பர்னின் கேட் கேம்பெல் ஆக்சிஜன் மீது சந்தேகத்தைத் திருப்பினார். குழந்தையைக் காப்பாற்றத் தாராளமாகக் கொடுத்த அதே ஆக்சிஜன்தான். ஆக்சிஜன் போதாத திசுதான் ரத்தக்குழாயை வரச்சொல்லிக் கூப்பிடும். அளவுக்கு மீறிக் கொடுத்தால் அந்தக் கூப்பாடு நின்றுவிடும், குழாயும் பாதி வழியில் நின்றுவிடும். பிறகு சாதாரணக் காற்றுக்கு வந்ததும் திசு பதறிக் கூப்பிட, குழாய்கள் கண்டபடி முளைத்து, தழும்பாகி, விழித்திரையையே பிடுங்கிவிடும்.

சந்தேகம் மட்டும் போதாதே, சோதிக்க வேண்டுமே. வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் சில குழந்தைகளுக்கு ஆக்சிஜனைக் குறைத்துப் பார்த்தார். ராத்திரியில் செவிலியர் சிலர் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்கள். பச்சைப்பிள்ளையை மூச்சுக்குத் தவிக்கவிடுவதா என்ற பரிதவிப்பு. அவர்களை எப்படிக் குறைசொல்வது? அந்த அன்புதான் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது என்று நிரூபிக்க, 18 அமெரிக்க மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு தேவைப்பட்டது. முடிவு 1954இல் வந்தது.

சரி, கதை முடிந்ததா? இல்லை. எல்லோரும் ஆக்சிஜனைக் கண்டு பயந்தார்கள். 1973இல் கென்னத் கிராஸ் போட்ட கணக்குப்படி, காப்பாற்றிய ஒரு பார்வைக்குச் சுமார் 16 குழந்தைகள் உயிரை விட்டிருந்தன. 2010இல் வந்த பெரிய ஆய்வும் இதே இடத்தில்தான் நின்றது: குறைந்த அளவில் கண் தப்பியது, மரணம் கூடியது.

ஆக, ஆக்சிஜன் அளவை மட்டும் நம்பியிருக்க முடியாது. பிறந்த சில வாரங்களில் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும்; நோய் முற்றுவதற்குள் லேசர் போன்ற சிகிச்சையால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். 1996இல் சென்னை அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. 2015இல் உச்ச நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன இழப்பீடு சுமார் 1.8 கோடி ரூபாய். அப்போது அவளுக்கு வயது 18. பணம் வந்தது, பார்வை வரவில்லை.