புழுங்கலரிசியும் பெரிபெரியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் பலரை மாய்த்தது. கால் மரக்கும், உடல் வீங்கும், இதயம் தளரும். ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரை அது வாட்டிற்று. புழுங்கலரிசி உண்ட தமிழரை அரிதாகவே அணுகிற்று.

1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்குப் பச்சரிசியும் மறு சாராருக்குப் புழுங்கலும் அளித்தார். இடையில் இருப்பிடங்களையும் மாற்றினார். நோய் கட்டடத்தில் தங்கவில்லை. பச்சரிசியையே தொடர்ந்து சென்றது.

நெல்லை ஊறவைத்து அவிக்கையில் தயாமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியினுள் இறங்குகிறது. தீட்டினாலும் முற்றும் நீங்குவதில்லை. நம் பாட்டிமார் இதனை அறிந்து அவித்தாரல்லர்.

அவ்விடுதியில் பச்சரிசி உண்டு மாண்டவர்களின் பெயர்களை நான் எந்நூலிலும் கண்டதில்லை.