அழித்துச் செய்த நகை

பாட்டியின் அட்டிகை தாயின் சங்கிலியாகிறது. தாயின் சங்கிலி மகளின் வளையலாகிறது. பொன் அதே பொன்தான், வடிவம் மட்டுமே வேறு. அது எத்தனை முறை மூசையில் உருகியது, எவர் கழுத்திலிருந்து எவர் கைக்கு வந்தது என்று எந்த ஏட்டிலும் எழுதிவைப்பாரில்லை. நிலத்திற்குப் பத்திரம் உண்டு, பட்டா உண்டு, எல்லைக்கல் உண்டு. நகைக்கு நினைவு ஒன்றே பத்திரம். உலையில் பொன் உருகும்போது அந்தப் பத்திரமும் உடன் உருகுகிறது!

தருமபுரியிலிருந்து தொப்பூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், அதியமான் பெயரைத் தாங்கிய அதியமான்கோட்டைக்கு அண்மையில் உள்ளது நல்லம்பள்ளி. மழையை நம்பிய மண். வாரச்சந்தைக்கு ஆடோட்டி வந்து, விற்ற பணத்தில் மகளின் காதுக்குப் பொன் தேடும் உழவர்கள் வாழும் வட்டாரம். இங்கே மகனுக்குக் காடு; மகளுக்குக் கழுத்து நகை. இதுவே பாகப்பிரிவினை என்று பல தலைமுறைகள் எண்ணி வந்தன. அந்த நகையும் பெரும்பாலும் புதிதாக வாங்கியதன்று. தாயுடையதை அழித்துச் செய்ததே.

அழிப்பதற்கு நாள் பார்ப்போரும் உளர். இராகுகாலத்தில் நகையை உலையில் இடலாகாதாம்! தூய பொன் உருகுவது ஏறத்தாழ 1,064 பாகைச் சூட்டில். பஞ்சாங்கம் எதைச் சொன்னாலும் அந்தச் சூட்டில் உருகும். அதற்குக் குறைந்தால் எந்த நல்ல நேரத்திலும் உருகாது. பார்க்க வேண்டியது நாளையன்று, பற்றவைப்பை. பழைய நகையின் இணைப்புகளில் மாற்றுக் குறைந்த பொடி வைத்து ஊதியிருப்பார்கள். உருக்கினால் அதுவும் பொன்னோடு கலந்து மொத்த மாற்றையும் இறக்கிவிடும். கேட்டுத் தெளிய வேண்டியது இதைத்தான்.

நகையின் வரலாற்றை எழுதிவைக்கும் வழக்கம் தமிழனுக்குத் தெரியாததன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களைப் படித்துப் பாருங்கள். இராசராசன் அளித்த அணிகள் இன்ன பெயர், இன்ன எடை, இத்தனை முத்து என்று கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியுமாகக் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. பொன்னை நிறுத்த கல்லுக்கே 'ஆடவல்லான்' என்று பெயர். சேரனையும் பாண்டியனையும் வென்று கைப்பற்றிய பண்டாரத்திலிருந்து செய்து அளித்தவை இவை என்றும் அக்கல்வெட்டுகள் கூறுகின்றன. தோற்ற அரண்மனைகளின் செல்வம், வென்றவன் கோயிலின் நகை! ஒரு குன்றிமணி எடைகூடத் தவறாமல் குறித்த நாட்டில், குடிசைப் பெண்ணின் கம்மலுக்குக் கணக்கு எழுத எவரும் இல்லை.

பெண்ணின் பெட்டிக்குள் இருந்த அந்தப் பொன்னிலும் ஒருமுறை அரசு கைவைத்தது. ஆண்டு 1963. நல்லம்பள்ளி அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். சீனப் போரை அடுத்து, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் சனவரித் திங்களில் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். இனிச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருத்தல் ஆகாது என்பது அதன் உயிர்நிலை. கையில் உள்ள பழைய நகையை அணியலாம், தடையில்லை. ஆனால் அதை அழித்துச் செய்தால்?

கணக்கிட்டுப் பார்ப்போம். 22 காரட் நகை 8 கிராம். அதில் உள்ள தூய பொன் ஏறத்தாழ 7.33 கிராம். அதை 14 காரட்டாக இறக்க வேண்டுமானால் இன்னும் நாலரைக் கிராமுக்கு மேல் செம்பும் வெள்ளியும் கலந்தாக வேண்டும். பாட்டி பத்தரை மாற்று என்று பொத்திக் காத்ததைப் பேத்திக்காகச் செம்பாக்கச் சொன்னது சட்டம். எவள் இசைவாள்? நகைகள் பெட்டியிலேயே உறங்கின. உலைகள் அணைந்தன.

அணைந்த உலைக்குப் பின்னே மனிதர்கள் இருந்தனர். ஊதுகுழலும் உரைகல்லும் தவிர வேறு சொத்தறியாப் பொற்கொல்லர்கள் நாடெங்கும் வேலையிழந்தனர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. கடத்தல் பொன்னைத் தடுக்க எழுந்த விதி, கடத்தல்காரனை விட்டுவிட்டுக் கைத்தொழிலாளியைப் பிடித்தது. அதே ஆண்டு மொரார்ஜி காமராசர் திட்டத்தில் பதவி விலகினார். அடுத்து வந்த டி.டி.கிருட்டிணமாச்சாரி காலத்தில் பிடி தளர்ந்தது: சொந்தமாகத் தொழில் நடத்தும் பொற்கொல்லர் பழைய நகையை மாற்றுக் குறையாமல் புதுநகையாக்கித் தரலாம் என்று இசைவு பிறந்தது. அழித்துச் செய்யும் வழக்கம் எத்துணை ஆழமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? 14 காரட் விதி 1966-இல் நீங்கியது. 1968-இல் தங்கக் கட்டுப்பாடு தனிச் சட்டமாயிற்று. 1990-இல் அதுவும் மறைந்தது.

இத்தனைக்கும் அடியில் ஒரு வினா கிடக்கிறது. நிலம் ஏன் மகளுக்கு இல்லை? 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை கோரியது. தமிழ்நாட்டில் கலைஞர் ஆட்சியில் 1989-இல் அது சட்டமாக, அறுபது ஆண்டுகள் பிடித்தன. அச்சட்டத்திலும் ஓர் எல்லை இருந்தது: அது நடைமுறைக்கு வருமுன் மணமுடித்துப் போன மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கில்லை. மைய அரசின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தமே அந்த எல்லையை அகற்றியது. இடைப்பட்ட காலத்தில் நகை ஒன்றே மகளின் பங்கு என்று நின்றது. அந்த நகையே பெண்ணைப் பெற்றவனுக்குச் சுமையுமாயிற்று. பெண்சிசுக் கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் விரிந்தது ஏன் என்று எண்ணிப் பாருங்கள்.

மணமகள் கொண்டுவந்த நகை அவளுக்கே முழு உரிமை, கணவன் வீட்டார் அதைக் காத்து வைப்போர் மட்டுமே என்று உச்சநீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு தெளிவானது. ஆனால் நடைமுறையில் நாம் காண்பது என்ன? தாய்வீட்டு நகை அழிக்கப்படுகிறது. கணவன் வீட்டுப் பொன்னும் ஒரு துளி சேர்கிறது. செய்கூலியை மாமனார் தருகிறார். புதுநகையின் ரசீது கணவன் பெயரில் எழுதப்படுகிறது. பின்னொருநாள் வழக்கு வந்தால், "என் தாயின் காசுமாலை" என்று அவள் காட்டுவதற்குக் காசுமாலை இல்லை. இருப்பது ஒரு நெக்லசும் பிறர் பெயரிட்ட தாளும்.

உருக்குமுன் நகையை நிறுத்து, மாற்று உரைத்து, இன்ன நகை இன்னாருடையது என்று அவள் பெயரிலேயே எழுதி வாங்கக் கால்மணி நேரம் போதும். அதைக் கேட்கும் மருமகளை "நம்பிக்கை இல்லாதவள்" என்று வீடு ஏசுகிறது. நிலத்தைப் பத்திரம் இல்லாமல் வாங்காத அதே வீடு!