ஹேஷ் யாருக்கு? ஒரு போன் பட்டனின் 60 வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

‘தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்’னு சொல்ற குரலைக் கேட்காதவங்க நம்மில் யாரும் இருக்க மாட்டோம். பட்டனை அழுத்துறோம், ‘டூ’னு ஒரு சத்தம் வருது, மறுமுனையில இருக்கிற மெஷின் புரிஞ்சுக்குது. இன்னைக்கு அந்தச் சத்தத்தோட வரலாறுதான். நான் வேலையில தினமும் கோட் எழுதுற ஆளு. எங்க துறையில இன்னும் தீராத ஒரு பிரச்சினை இந்தச் சத்தத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அதனாலதான் இந்த எபிசோட்.

சுத்துற டயலில் இருந்து பாடுற பட்டனுக்கு

பழைய சுழலும் டயல் போன்ல 7-ஐச் சுத்தினா, லைன்ல ஓடுற கரன்ட் ஏழு தடவை அறுந்து சேரும். எக்ஸ்சேஞ்ச் அதை எண்ணிக்கும். ஆனா அந்தத் துடிப்பு உள்ளூர் எக்ஸ்சேஞ்சோட நின்னுடும். கால் கனெக்ட் ஆன பிறகு மறுமுனைக்கு எந்த எண்ணையும் அனுப்ப முடியாது.

1963 நவம்பர்ல அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துல, கார்னகி, கிரீன்ஸ்பர்க் ஊர்கள்ல ‘டச்-டோன்’ போன் வந்துச்சு. பெல் லேப்ஸ் உருவாக்கினது. ஒவ்வொரு பட்டனுக்கும் ரெண்டு சுருதி சேர்ந்து ஒலிக்கும். 5-ஐ அழுத்தினா 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் ஒண்ணா வரும். ஏன் ரெண்டு? நாம பேசும்போது தற்செயலா ஒரு சுருதி பொருந்திடலாம். துல்லியமா ரெண்டும் சேர்ந்து பொருந்துறது ரொம்ப அபூர்வம். ஸ்டாரும் ஹேஷும் 1968-லதான் சேர்ந்தன.

இந்தச் சத்தம் மனுஷக் குரல் போற அதே அலைவரிசைக்குள்ள இருக்கு. அதனால குரல் எங்கெல்லாம் போகுமோ, அங்கெல்லாம் இதுவும் போகும். வாய்ஸ்மெயில், பேங்க் பேலன்ஸ், டிக்கெட் நிலவரம் எல்லாத்தையும் பட்டன் அழுத்தியே கேட்க முடிஞ்சது இதனாலதான்.

விசிலடிச்சு ஏமாத்தினவங்க

அதே காலத்துல, எக்ஸ்சேஞ்சுகளும் தங்களுக்குள்ள பேசிக்க லைன்லயே சத்தம் அனுப்பிட்டு இருந்தன. 2600 ஹெர்ட்ஸ் கேட்டா, ‘இந்த நீண்டதூர லைன் காலி’னு அர்த்தம். இலவச எண்ணுக்குப் போன் போட்டு, நடுவுல 2600 ஹெர்ட்ஸ் ஒலிக்கவிட்டா, மறுமுனை எக்ஸ்சேஞ்ச் நீங்க வச்சுட்டீங்கன்னு நினைச்சுக்கும். ஆனா நீங்க இன்னும் லைன்லதான் இருப்பீங்க. அப்புறம் எக்ஸ்சேஞ்ச் மொழியில எண்களை ஒலிச்சா, காசில்லாம எங்க வேணும்னாலும் பேசலாம்.

பார்வையற்ற ஜோ எங்ரெஸ்ஸியா சின்ன வயசுலேயே வாயால விசிலடிச்சு இதைச் செய்தார். 1971 அக்டோபர்ல எஸ்கொயர் பத்திரிகையில இதைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சுட்டு, ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜாப்ஸும் ‘நீலப் பெட்டி’ செஞ்சு வித்தாங்க. ஆப்பிளுக்கு முந்தின கதை இது.

கம்பெனிகள் கத்துக்கிட்ட பாடம்: பேச்சு போற பாதையிலேயே கட்டளையும் போனா, பேசத் தெரிஞ்ச யார் வேணும்னாலும் கட்டளையிடலாம். அதனால எக்ஸ்சேஞ்ச் கட்டளைகளைத் தனிப் பாதைக்கு மாத்தினாங்க. ஆனா பட்டன் சத்தத்தை மாத்த முடியல. அது போன் நெட்வொர்க்குக்கான கட்டளை மட்டும் இல்ல. மறுமுனையில இருக்கிற, நெட்வொர்க்குக்குத் தெரியவே தெரியாத ஏதோ ஒரு மெஷினுக்கான கட்டளை.

இன்டர்நெட் வந்ததும் உடைஞ்சது

போன் கால் இன்டர்நெட்ல ஏறினப்போ, நடுவுல கேட்வேன்னு ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். ஒரு பக்கம் பழைய போன் லைன், இன்னொரு பக்கம் பாக்கெட்டுகள். பேண்ட்வித் மிச்சம் பிடிக்க, ஜி.729 மாதிரி கோடெக்குகள் 64 கிலோபிட் குரலை 8 கிலோபிட்டா சுருக்கும். எப்படி? மனுஷத் தொண்டை எப்படி ஒலிக்கும்னு கணிச்சு. பட்டன் சத்தம் தொண்டையில இருந்து வரல இல்லையா? அதனால மறுமுனையில அது சிதைஞ்சு விழும். 5-ஐ அழுத்துவீங்க, மெஷின் அசையாது.

2000 மே மாசம் வந்த ஆர்எஃப்சி 2833 இதுக்கு ஒரு வழி சொன்னது. ஹென்னிங் ஷுல்ஸ்ரினும் ஸ்காட் பெட்ராக்கும் எழுதினது. கேட்வே சத்தத்தைக் கேட்டு அடையாளம் கண்டு, குரலில் இருந்து நீக்கிடும். பதிலா, ‘5 அழுத்தப்பட்டது, இவ்வளவு நேரம்’னு 4 பைட் தகவல் அனுப்பும். பாக்கெட் தொலையலாம்னு முடிவுச் செய்தியை மூணு தடவை அனுப்பும். மறுமுனை கேட்வே சத்தத்தைப் புதுசா உருவாக்கும்.

கேட்வே அடையாளம் காண சில பத்து மில்லி செகண்ட் ஆகும். அதுக்குள்ள அசல் சத்தம் கொஞ்சம் கசிஞ்சா, மறுமுனை ரெண்டு தடவை கேட்கும். 5 அழுத்தினா 55 ஆகும். பின் நம்பர் தப்புன்னு சொல்லும். உங்க விரல் மேல எந்தத் தப்பும் இருக்காது.

கால் டிரான்ஸ்ஃபரும் ஹேஷும்

கால் திருப்பிவிடுறது இன்டர்நெட் போன்ல சுத்தமா தனிப் பாதையில நடக்கும். போனை எடுக்குறதுக்கு முன்னாடியே வேற முகவரிக்கு அனுப்ப ‘302’னு ஒரு பதில், பேச்சு நடுவுல மாத்த, 2003-ல வந்த ‘ரெஃபர்’ கட்டளை. ஆனா கேட்வேல மாட்டின சாதாரண போன்ல ரெஃபர் பட்டன் ஏது? இருக்கிறது கீபேட்தான். அதனால 1999-ல மார்க் ஸ்பென்சர் ஆரம்பிச்ச ஆஸ்டரிஸ்க் மென்பொருள்ல, டிரான்ஸ்ஃபர் வசதியை இயக்கினா, அதுக்கான வழக்கமான பட்டன் ஹேஷ்.

இப்போ ஆபீஸ் போன்ல இருந்து பேங்குக்குக் கூப்பிடுறீங்க. ‘கணக்கு எண்ணை அழுத்தி, ஹேஷை அழுத்தவும்’. அழுத்துறீங்க. பேங்குக்கு அது போகாது. நடுவுல இருக்கிற ஆஸ்டரிஸ்க் ‘டிரான்ஸ்ஃபர்’னு சொல்லி உங்க அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்கும். ஹேஷ் யாருக்கான கட்டளைன்னு அதுக்குத் தெரிய வழியே இல்ல.

இதையாவது எரிச்சல்னு விட்டுடலாம். வெளியில இருந்து உள்ளே கூப்பிடுறவங்களுக்கும் அந்த டிரான்ஸ்ஃபர் அனுமதியைத் தெரியாம கொடுத்துட்டா? யாரோ ஒருத்தர் கூப்பிட்டு, ஹேஷ் அழுத்தி, வெளிநாட்டு எண்ணுக்குத் தன் காலைத் திருப்பிக்கலாம். பில் அந்தக் கம்பெனிக்கு. விசில் இல்லாத நீலப் பெட்டி.

இன்னொண்ணும் இருக்கு. அந்த 4 பைட் பாக்கெட் என்கிரிப்ட் ஆகலைன்னா, வழியில பார்க்கிறவருக்கு உங்க பின் நம்பர் எழுத்து எழுத்தாத் தெரியும். ரெக்கார்ட் ஆகிற கால்ல பட்டன் சத்தம் பதிஞ்சிருந்தா, ஒரு சின்ன நிரல் போதும், எண்களைத் திருப்பி எடுக்க. அதனாலதான் போன்ல கார்டு பேமென்ட் வாங்கும் பல கால் சென்டர்கள் அந்தச் சத்தத்தை மறைச்சுப் பதிவு பண்றாங்க.

கோட் எழுதுற நண்பர்களுக்கு இது பழகின முகம்தான். பயனர் டைப் பண்ண பேரையே டேட்டாபேஸ் கட்டளையா எடுத்துக்கிறதுதான் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன். மெயில்ல வந்த ஒரு வரியை ஏஐ தனக்கு வந்த உத்தரவா நினைச்சுக்கிறது பிராம்ப்ட் இன்ஜெக்ஷன். தகவலும் கட்டளையும் ஒரே பாதையில வந்தா, யார் சொன்னது, யாருக்குச் சொன்னதுன்னு கேட்கிற பொறுப்பு வாங்குற பக்கத்துக்கு வந்துடுது. போன்காரங்களுக்கு இது அறுபதுகள்லேயே வந்துடுச்சு.

இன்னைக்கு ஒரு வேலை: போன் டயல் பேடைத் திறந்து 1, 2, 3-ஐ வரிசையா அழுத்திப் பாருங்க. அடிச் சுருதி மாறாது, மேல் சுருதி மட்டும் ஏறும். அப்புறம் 1, 4, 7. மேல் சுருதி நிற்கும், அடி ஏறும். காதுல பிடிபட்டுச்சான்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.