கொண்டையும் சவுரியும்

பெங்களூரில் வாழும் தமிழர்கள் கப்பன் பூங்காவிலுள்ள விக்டோரியா மகாராணியின் சலவைக்கற் சிலையைப் பன்முறை கண்டிருப்பர். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராகிய வேல்ஸ் இளவரசர் 1906-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அதனைத் திறந்து வைத்தார். அவ்வரசியின் காலத்திலும், அவர் மைந்தர் ஏழாம் எட்வர்டின் காலத்திலும், இந்நகரின் மாதர் கூந்தல் முடித்த முறைகள் இரண்டு. ஒன்று கன்னடர் 'தண்டு' என வழங்கும் கண்டோன்மெண்டில் கண்டது. மற்றொன்று பழைய பேட்டையில் கண்டது.

1809-இல் நிறுவப்பெற்ற தண்டுக்குச் சென்னைப் படையோடு தமிழரும் பெருந்தொகையினராய் வந்து குடியேறினர். ஆங்கில அதிகாரிகளின் இல்லங்களில் துரைசானிகளுக்குத் தலைவாரிப் பணிசெய்த ஆயாக்களுள் தமிழ்ப் பெண்களும் இருந்தனர். எளிய பணியன்று அது! விக்டோரியா பட்டத்துக்கு வந்த நாளில் உச்சியில் முடிச்சும் காதோரம் சுருளுமாக இருந்த வழக்கம், சில ஆண்டுகளில் நடுவகிடெடுத்துக் காதை மூடிப் படிய வாருவதாக மாறிற்று. 1860-களில் பிடரியில் பெருங்கொண்டை வந்தது. 1872-இல் மார்செல் என்னும் பிரெஞ்சுக்காரர் காய்ச்சிய இடுக்கியால் அலையலையாகச் சுருட்டும் முறையைக் கண்டார். எட்வர்டு காலத்திலோ, நெற்றிக்கு மேல் கூந்தல் கோபுரம்போல் எழுந்தது. அதன்மேல் அகன்ற தொப்பி. தொப்பியை நிறுத்த நீண்ட ஊசிகள்.

இவ்வளவு கூந்தல் ஒரு தலையில் விளையுமோ? விளையாது. சீமாட்டியின் ஒப்பனை மேசையில் மூடியில் துளையிட்ட பீங்கான் கிண்ணம் ஒன்று இருக்கும். சீப்பில் வரும் முடியை அதில் சேர்த்துத் திண்டாகச் செய்து கொண்டைக்குள் பொதிந்தனர். அத்திண்டிற்கு அவர்கள் இட்ட பெயர் 'எலி'! போதாத முடியை விலைக்கு வாங்கினர். பிரான்சு நாட்டுப் பிரித்தானி மாநிலத்துச் சந்தைகளில் ஏழைக் குடியானவப் பெண்கள் தம் கூந்தலை அறுத்து விற்றனர்.

நமக்கு இது புதுமையன்று. உதிர்ந்த முடியை விரலில் சுருட்டிக் கூரையிறைப்பில் செருகி வைத்துச் சவுரி கட்டிக்கொண்ட பாட்டிமார் நம் வீடுகளிலும் இருந்தனர். மணப்பெண்ணின் சடையில் பாதி சவுரிதான். அதன்மேலே ராக்கொடியும் சடைபில்லையும், நுனியில் குஞ்சலமும் வரும். கன்னடர் 'மொக்கின ஜடெ' என்று மல்லிகை மொட்டுகளால் சடை முழுதும் போர்த்துவர். நாம் தாழம்பூவையும் கூட்டுவோம். சடையை முன்னின்று பார்க்க இயலாதாகையால், புகைப்பட நிலையத்தார் பெண்ணின் பின்னே ஒரு கண்ணாடியை வைத்தனர். முகமும் சடையும் ஒரே படத்தில் வீழ்ந்தன. தண்டின் பெருங்கொண்டைக்கும் பேட்டையின் பூச்சடைக்கும் தோற்றத்தில் எவ்வளவோ வேற்றுமை. ஆயினும் இரண்டனுள்ளும் மறைந்திருந்தது உதிர்ந்த முடியும் பிறர் கைவேலையும்.

ஆனால் ஓரிடத்தில் இரண்டும் அடியோடு பிரிந்தன. 1861-இல் கணவரை இழந்த விக்டோரியா, அதன்பின் கைம்பெண்ணுக்குரிய வெண்குல்லாயை அணிந்தார். கணவர் ஆல்பர்ட்டின் முடியைச் சிறு பேழையுள் வைத்துப் பூண்டார். குல்லாயின் கீழே அவருடைய கூந்தல் அவருடையதாகவே இருந்தது. அவருடைய ஆட்சியின்கீழ் இருந்த நாட்டிலோ, உயர்குலத்தார் எனப்பட்டோரின் வீடுகளில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பேதையும் கணவன் இறந்தால் தலை மழிக்கப்பட வேண்டும் என்பது கடுவழக்கு. மணநாளில் மொட்டுகள் தைத்த அதே சடைதான்! சட்டம் அதில் தலையிடவில்லை. 1894-இல் மைசூர் அரசு இளஞ்சிறுமியர் மணத்தைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. அதனால், சில சிறுமியரேனும் அந்நாவிதன் கத்திக்குத் தப்பியிருப்பர் என்று கருதலாம்.

கத்தியை வீட்டு வாயிலிலேயே மறுத்த பெற்றோரும் உண்டு. 1886-இல் பிறந்து, பதினோராம் வயதில் கைம்பெண்ணான ஆர். எஸ். சுப்பலட்சுமி அம்மையாரின் கூந்தலை அவர் பெற்றோர் களைய விடவில்லை. உறவினரின் பழியைத் தாங்கிக்கொண்டு அவரைப் பள்ளிக்கு அனுப்பினர். 1911-இல் அவர் சென்னையில் பட்டம் பெற்றார். பின்னர்த் தம்மைப் போன்ற இளங்கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்துக் கல்வி தந்தார்.