கீரையிலிருந்து வந்த மருந்து

வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் போனால், நோயாளி இருக்கிற வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு போறதில்லை. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிவிட்டு வந்திருந்த ஒரு அக்காவைப் பார்க்க நாங்கள் போனபோது, மேசையில் பீற்றூட், மாதுளம்பழம், முருங்கையிலை, ஒரு சட்டி எருமைத் தயிர். "கீரை திண்டாத்தான் ரெத்தம் ஊறும் மனே" என்றார் பெத்தா. யாரோ ஃபோலிக் அமிலக் குளிசைப் போத்தல் ஒன்றும் வாங்கிவந்திருந்தார்கள். எங்களுடைய கண் அந்தப் போத்தலில்தான் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளரிடையே கர்ப்பிணிகளுக்கு ஒருவகை இரத்தச்சோகை வந்து உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது. கிருமியா எண்டு தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் மலிவான மாமைட் கொடுத்துப் பார்க்க, பெண்கள் தேறினார்கள். ஏழைகளின் சாப்பாட்டில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. பெயர்தான் இன்னும் வைக்கப்படவில்லை.

அதே மாமைட் இலங்கையிலும் வேலை பார்த்தது. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது, பட்டினியால்தான் சனங்களின் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துபோயிருக்கிறது என்று வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க கண்டுகொண்டார். சூரியமல் இயக்கத்தினர் மாமைட்டை நாட்டு வைத்தியரின் உருண்டை மாதிரிப் பிடித்துக் கிராமங்களில் கொடுத்தார்கள். பருப்புப் பங்கிட்டதால் என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தையா' என்றே பெயர் விழுந்தது. (பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் இதையெல்லாம் நாங்கள் படித்த ஞாபகமே இல்லை.)

1941இல் டெக்சாஸில் நான்கு தொன் பசளிக்கீரையைச் சாறாக்கி அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 'இலை' என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. அதை ஆய்வுகூடத்தில் செய்யும் முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியைப் பின்பற்றிக் கதர் உடுத்தியது பேராசிரியருக்குப் பிடிக்காமல்போக, முழுப் பட்டத்துக்குப் பதிலாகக் கீழ்ப்படிச் சான்றிதழ்தான் கிடைத்தது. சகோதரர்களை ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அதே நோய்க்கு ஃபோலிக் அமிலம் பிறகு மருந்தானது.

அப்போது பொஸ்டனில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கும் இதைக் கொடுத்துப் பார்த்தார். பெத்தா சொன்ன அதே நியாயம்தான்: இரத்தத்தை ஊறவைப்பது இரத்த நோயையும் மாற்றும். நடந்தது தலைகீழ். புற்றுக் கலங்கள் இன்னும் வேகமாகப் பெருகுவதுபோல் தெரிந்தது. சத்து நோய்க்கும் சாப்பாடு! அப்படியென்றால் அந்தச் சத்தைத் தடுத்தால்? சுப்பாராவின் குழு, ஃபோலிக் அமிலம்போலவே தோற்றம் காட்டிக் கலத்தை ஏமாற்றும் அமினொப்டெரினைச் செய்துகொடுத்தது. 1948 ஜூனில் ஃபார்பர் எழுதினார்: 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அந்த ஓகஸ்ட் மாதமே சுப்பாராவ் இறந்துபோனார், 53 வயதில்.

அமினொப்டெரினின் தம்பியான மெதோட்ரெக்ஸேட் இன்றும் சிலவகை இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. ஆகவே 'சத்துக் குளிசைதானே' என்று வைத்தியரைக் கேட்காமல் ஃபோலிக் அமிலம் போடுவது, மருந்தின் வேலையைக் குறைத்துவிடலாம். சிலநேரம் வைத்தியர்களே அதன் நெருங்கிய வடிவம் ஒன்றை மணிக்கணக்குப் பார்த்துக் கொடுப்பதுண்டு. அது வேறு கதை. சோற்றோடு அவித்த கீரை சாப்பிட இதற்காகப் பயப்படத் தேவையில்லை.

எங்களுக்குக் கீரையைவிடத் தயிர்ச்சட்டிதான் பயமாக இருந்தது. மருந்து ஏற்றிய பிறகு வெண்குழியங்கள் குறைந்து கிடக்கும் நாட்களில், மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத கிருமி நோயாளியை வைத்தியசாலையில் கிடத்திவிடும். அந்த நாட்களில் திறந்து கிடந்த தயிர், பச்சை வல்லாரைச் சம்பல், அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். கொதித்தாறின தண்ணி, சூடாறாத சோறு, நல்லா வெந்த மீன், முட்டை, பருப்பு போதும். முன்பு எல்லாப் பச்சை உணவையும் தடைசெய்த கடும் பத்தியத்தால் தொற்று குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. கழுவுவதும் வேகவைப்பதும் கை சுத்தமும்தான் முக்கியம். வாய் புண்ணாகி எதுவும் இறங்காத நேரத்தில் பத்தியம் பேசி ஆளை மெலியவிடுவதும் ஆபத்து.

இதையெல்லாம் பெத்தாவிடம் சொன்னோம். "அப்ப முருங்கையிலைய அவிச்சுக் குடுக்கலாந்தானே?" என்றார். குடுக்கலாம் பெத்தா. போத்தலை அக்கா கிளினிக் கொப்பிப் பையுக்குள் வைத்தார், அடுத்த கிளினிக்கில் கேட்பதற்கு. தயிர்ச்சட்டியை நாங்கள்தான் முடித்தோம்.