வேண்டாத உறுப்பு என்று பெயர் வாங்கிய தைமஸ்

சின்ன வயதிலேயே இன்சுலின் ஊசி போடும் பிள்ளையைக் கண்டால், "இனிப்பைக் கூடக் கொடுத்துட்டாங்க போல" என்று உம்மாவைக் குறை சொல்லும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வரும் முதலாம் வகை நீரிழிவு இனிப்பால் வருவதில்லை. உடம்பைக் காக்க வேண்டிய வெண்குருதிக்கலங்களே, இன்சுலின் சுரக்கும் சதையியின் கலங்களை அந்நியம் என்று நினைத்து அழிப்பதால் வருகிறது.

சொந்த உடம்பைத் தாக்கக் கூடாது என்பதை இக்கலங்கள் எங்கே படிக்கின்றன? நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் தைமஸில். இது தெரிய வருவதற்கு முன் இந்த உறுப்பு பட்ட பாடு கொஞ்சமல்ல.

19ஆம் நூற்றாண்டு வைத்தியர்கள் இறந்த உடல்களை அறுத்துப் பார்த்து உறுப்புகளின் அளவை எழுதி வைத்தார்கள். பிரித்தானியாவில் 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஏழைகளின் விடுதிகளில் இறந்து, உரிமை கோர ஆளில்லாமல் கிடந்தவர்களின் உடல்கள் இதற்குப் போயின. பட்டினியும் நீண்ட நோயும் தைமஸைச் சுருக்கிவிடும். பலர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஏழையின் சுருங்கிய தைமஸே சரியான அளவு என்றாகிவிட்டது.

நன்றாக இருந்த ஒரு குழந்தை தொட்டிலில் திடீரென்று இறந்துபோனால், அதன் தைமஸ் பெரிதாகத் தெரிந்தது. உண்மையில் அதுதான் சுகமான பிள்ளையின் தைமஸ். ஆனால் பெரிய தைமஸ்தான் கொன்றது என்று எழுதினார்கள். 1889இல் ஆஸ்திரிய வைத்தியர் பல்டவுஃப் இதற்கு ஒரு நோய்ப் பெயரும் வைத்தார். 1907 முதல் அமெரிக்காவில் குழந்தைகளின் நெஞ்சுக்குக் கதிர்வீச்சுக் கொடுத்துத் தைமஸைச் சுருக்கத் தொடங்கினார்கள். அப்படி ஒரு நோய் இருப்பதற்கு ஆதாரமே இல்லை என்று 1931இல் பிரித்தானிய ஆய்வுக் குழுவொன்றின் தரவுகள் காட்டின. ஆனாலும் சிகிச்சை நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் தைரொயிட் புற்றுநோய் வருவது 1950இல் வெளிவந்த பிறகுதான் மெல்ல மெல்லக் குறைந்தது. யாருடைய உடம்பை அளந்தார்கள் என்று ஒருவர் உரத்துக் கேட்டிருந்தால் போதுமாயிருந்தது.

அடுத்து வந்தது எதிர்ப்பக்கத்துத் தவறு. வளர வளரச் சுருங்கும் உறுப்பு, ஆகவே பயனற்றது என்றார்கள். லண்டனில் எலிகளின் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்த கையோடு எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவை மெலிந்து, தொற்று நோய்களுக்கு இரையாகின. வேறு எலியின் தோலை ஒட்டினாலும் அவற்றின் உடம்பு அதை எதிர்க்கவில்லை. 1961இல் இதை அவர் வெளியிட்டார். நிர்ப்பீடனத்தின் பள்ளிக்கூடம் தைமஸ்தான் என்பது இப்படித்தான் தெரிந்தது.

அங்கே நடக்கும் சோதனை கடுமையானது. உள்ளே வரும் இளம் கலங்களில் மிகப் பெரும்பாலானவை வெளியே வருவதில்லை. சொந்தப் புரதத்தைத் தாக்கக்கூடியவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஆனால் ஒரு புதிர். இன்சுலினைச் சுரப்பது வயிற்றிலுள்ள சதையி. நெஞ்சிலுள்ள தைமஸ் அதை எப்படிக் காட்டிச் சோதிக்கும்?

விடை வந்தது ஓர் அரிய நோயிலிருந்து. பின்லாந்து, சார்டினியாத் தீவு, ஈரானிய யூதர் ஆகிய சமூகங்களில் சற்றுக் கூடுதலாகக் காணப்படும் இந்நோயில் அதிரீனல் போன்ற பல சுரப்பிகள் சொந்த நிர்ப்பீடனத்தாலேயே தாக்கப்படும். பொதுவாகத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும். (மச்சான் மச்சாள் கலியாணம் வழக்கத்திலுள்ள நாம் இந்த வரியைக் கொஞ்சம் நின்று வாசிக்கலாம்.) 1997இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காரணத்தைப் பிடித்தன. 21ஆம் நிறமூர்த்தத்திலுள்ள அந்தப் பரம்பரையலகின் பெயர் 'எய்ர்'.

எல்லாக் கலங்களிலும் எல்லாப் பரம்பரையலகுகளும் இருக்கின்றன. ஆனால் ஈரலில் ஈரலுக்குரியவை, கண்ணில் கண்ணுக்குரியவை மட்டுமே இயங்கும். மற்றவை மூடிக் கிடக்கும். தைமஸின் உட்பகுதிக் கலங்கள் சிலவற்றில் 'எய்ர்' இந்த ஒழுங்கை மீறி, மூடிக் கிடக்கும் ஆயிரக்கணக்கானவற்றைத் திறந்துவிடுகிறது. ஒவ்வொரு கலமும் ஒரு சிறு பங்கையே காட்டும். எல்லாம் சேரும்போது உடம்பின் பெரும்பகுதி அங்கே காட்டப்பட்டுவிடும். 'எய்ர்' இல்லாத எலிகளில் இந்தக் காட்சி குறைந்து, பல உறுப்புகள் தாக்கப்படுவதை மதிஸ், பெனுவா ஆகியோரின் குழு 2002இல் காட்டியது.

தைமஸில் இன்சுலின் பரம்பரையலகு எவ்வளவு இயங்குகிறது என்பதும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அது குறைவாக இயங்கும் வகையைப் பெற்றவர்களுக்கு முதலாம் வகை நீரிழிவின் ஆபத்துக் கூட என்பதும் 1997இலேயே தெரிந்தது. உம்மா கொடுத்த டொஃபிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்தச் சோதனையிலிருந்தும் சில கலங்கள் தப்பிவிடும். அவற்றை வெளியே அடக்கி வைக்கும் காவல் கலங்களைக் கண்டுபிடித்ததற்காகத்தான் சகாகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது. அக்காவலர்களில் பெரும்பகுதியும் தைமஸில் உருவானவையே.

வளர்ந்தவருக்குத் தைமஸ் தேவையில்லை என்ற எண்ணம் மட்டும் நீண்ட காலம் மிஞ்சியிருந்தது. நெஞ்சுச் சத்திரசிகிச்சையில் அதை அகற்றப்பட்ட வளர்ந்தவர்களையும் அகற்றப்படாதவர்களையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளில் முதல் பிரிவில் 8.1 வீதத்தினரும் மற்றப் பிரிவில் 2.8 வீதத்தினரும் இறந்திருந்தார்கள்.